பேரப்பிள்ளைக்கு வீடியோ கேம் வாங்கும் முன்



கிறிஸ்துமஸ் நெருங்குகிற நாட்களில் தேனி, போடி, சின்னமனூர், கம்பம் கடைவீதிகளுக்குப் போகிறவர்கள், விளையாட்டுச் சாமான் கடைகளில் கையடக்க வீடியோ கேம்கள் வரிசையாகத் தொங்குவதைக் காணலாம். சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கின்றன. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனோ மகளோ விடுமுறைக்கு வரும்போது விலை உயர்ந்தவற்றையும் வாங்கி வருவதுண்டு. "பேரனுக்கு ஐந்து வயதாகிறது, கேட்டு அடம் பிடிக்கிறான், வாங்கிக் கொடுக்கலாமா, கண் கெட்டுவிடுமா?" என்பது தாத்தா பாட்டிமார் பலருடைய கேள்வி. கண்ணைப் பற்றிப் பிறகு சொல்கிறோம். அதைவிட அவசரமான காரியம் ஒன்று அந்தப் பொருளின் முதுகுப்புறத்தில் இருக்கிறது.

கடையில் கேமைக் கையில் எடுத்ததும் திருப்பிப் பாருங்கள். பேட்டரி போடும் மூடி எப்படிப்பட்டது? விரல் நகத்தால் தள்ளினாலே கழன்று வருகிறதா, அல்லது ஸ்க்ரூ வைத்து முறுக்கியிருக்கிறதா? உள்ளே போவது பென்சில் பேட்டரியா, வாட்சில் போடுவது போன்ற வட்டமான பட்டன் பேட்டரியா? பளபளக்கும் அட்டைப்பெட்டியில் இருக்கும் படங்களைவிட இந்த இரண்டு கேள்விகளுக்கான பதில்தான் வாங்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க வேண்டும்.

பட்டன் பேட்டரி ஏன் ஆபத்தானது?

கையடக்க வீடியோ கேமுக்கும் பட்டன் பேட்டரிக்கும் உள்ள உறவு பழையது. 1980ல் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தில் கும்பெய் யோகோய் என்ற பொறியாளர் "கேம் அண்ட் வாட்ச்" என்ற சிறு கருவியை உருவாக்கினார். ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து அந்த எண்ணம் அவருக்கு வந்ததாகச் சொல்வார்கள். கால்குலேட்டரின் திரை, கால்குலேட்டரின் பட்டன் பேட்டரி, ஒரே ஒரு ஆட்டம். 1989ல் அதே நிறுவனம் வெளியிட்ட "கேம் பாய்" நான்கு பென்சில் பேட்டரியில் ஓடியது. நம் ஊர்களில் தொண்ணூறுகளில் வந்து இன்றும் விற்கிற, கட்டங்களை அடுக்கும் "பிரிக் கேம்" பெரும்பாலும் பென்சில் பேட்டரியில் ஓடுகிறது. ஆனால் சாவிக்கொத்தில் மாட்டும் குட்டி கேம்கள், பொம்மை வடிவில் வரும் மலிவான கேம்கள் ஆகியவற்றில் இன்றும் பட்டன் பேட்டரிதான். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, டி.வி. ரிமோட், எடை பார்க்கும் மிஷின் என்று வீட்டில் வேறு இடங்களிலும் அது ஒளிந்திருக்கிறது.

பிள்ளை விழுங்கினால் என்ன ஆகும்? ஐம்பது பைசா விழுங்கியது போல மறுநாள் வெளியே வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வயிற்றைத் தாண்டிவிட்டால் அப்படி வருவதும் உண்டு. உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால்தான் கதை வேறு. 2032 என்று எண் போட்ட லித்தியம் பேட்டரி 20 மில்லிமீட்டர் அகலம், ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. சிறு பிள்ளையின் உணவுக்குழாயில் அது சரியாகச் சிக்கிக்கொள்ளும். குழாயின் ஈரச்சுவர் பேட்டரியின் இரு பக்கத்தையும் தொடும்போது மின்சாரம் ஓடத் தொடங்குகிறது. அந்த மின்சாரத்தால் பேட்டரியின் எதிர்முனைப் பக்கத்தில் கடுமையான காரம் உண்டாகி, அந்த இடத்துச் சதையை அரிக்கிறது. பேட்டரி உடைந்து உள்ளிருப்பது ஒழுக வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு மணி நேரத்திற்குள் ஆழமான புண் ஏற்பட்டுவிடலாம். பேட்டரியை எடுத்த பிறகும் நாட்கணக்கில் அந்தப் புண் ஆழமாகி, மூச்சுக்குழாய்க்கோ பெரிய இரத்தக்குழாய்க்கோ ஓட்டை போட்டதுண்டு. கேமை ஓட்ட முடியாத அளவுக்குத் தீர்ந்துபோன பேட்டரியிலும் இந்தக் கேட்டைச் செய்யப் போதுமான சக்தி மிச்சம் இருக்கிறது. மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் இதே அரிப்புதான்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 2020ல் 18 மாதக் குழந்தை ஒன்று ரிமோட்டிலிருந்து விழுந்த பட்டன் பேட்டரியை விழுங்கி இறந்தது. அதன் தாயார் விடாமல் முயன்றதன் பலனாக 2022ல் அந்நாட்டில் அக்குழந்தையின் பெயரால் "ரீஸ் சட்டம்" நிறைவேறியது. பட்டன் பேட்டரி போடும் பொருள்களின் மூடியைச் சிறு பிள்ளைகள் திறக்க முடியாதபடி அமைக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நம் பள்ளத்தாக்கில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு விடியற்காலையிலேயே ஜீப்பில் மலையேறுகிற தாய்மார்கள் பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புகிறார்கள். அதுவரை பிள்ளைகள் பாட்டியின் பொறுப்பில் இருக்கிறார்கள். கேம் பரிசாக வந்தது எட்டு வயது அண்ணனுக்கு. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று மூடியைத் திறந்து திண்ணையில் போட்டுவிட்டு அவன் பள்ளிக்கூடம் போய்விடுவான். தரையில் தவழ்வது தங்கை. அவள் எதை வாயில் போட்டாள் என்று கண் மங்கிய பாட்டிக்கு எப்படித் தெரியும்? ஆகவே பரிசு வாங்கும்போது, யாருக்கு வாங்குகிறோமோ அந்தப் பிள்ளையின் வயதை மட்டும் பார்த்தால் போதாது. அந்த வீட்டில் இருக்கும் ஆகச் சிறிய பிள்ளையின் வயதைப் பாருங்கள்.

விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்

பேட்டரி ஒன்று காணவில்லை, பிள்ளை எச்சில் ஒழுக்குகிறது, சோறு உண்ண மறுக்கிறது, இருமுகிறது, வாந்தி எடுக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். எந்த அறிகுறியும் இல்லாமலும் இருக்கலாம். காத்திருந்து பார்ப்பது கூடாது. வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மீன் முள் மாட்டினால் செய்வது போல வாழைப்பழத்தையோ சோற்று உருண்டையையோ விழுங்கச் செய்யவே கூடாது. 108 வண்டியை அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். எக்ஸ்ரேயில் நாணயத்துக்கு ஒற்றை வளையமும் பட்டன் பேட்டரிக்கு இரட்டை வளையமும் பெரும்பாலும் தெரியும். மாட்டியிருக்கிறதென்றால் குழாய் விட்டு உடனே எடுக்க வேண்டும். கம்பத்திலிருந்து தேனிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் க.விலக்கு தேனியையும் தாண்டி இருக்கிறது. மேகமலை எஸ்டேட்டுகளிலிருந்து சின்னமனூருக்கு இறங்கவே நெடுநேரம் பிடிக்கும். மேலே சொன்ன இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு சாலையிலேயே போய்விடும் என்பதைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அதனால் புறப்படும்போதே போன் செய்து, குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பி செய்யும் வசதி எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு நேராக அங்கேயே போவது நல்லது. அதே வகைப் பேட்டரியோ அதன் அட்டையோ இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.

தேன் கொடுக்கும் யோசனையைத் தங்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அது பாட்டி வைத்தியம் அல்ல. அமெரிக்காவின் தேசியத் தலைநகர் விஷமுறிவு மையம் 2018 முதல் சொல்லிவரும் முறை. ஒரு வயது நிரம்பிய, விழுங்க முடிகிற பிள்ளைக்கு, பேட்டரி விழுங்கி 12 மணி நேரத்திற்குள், 10 நிமிடத்துக்கு ஒரு முறை 10 மில்லி தேன், அதாவது 2 தேக்கரண்டி, ஆறு முறை வரை கொடுக்கலாம். தேன் பேட்டரியைச் சுற்றிப் படிந்து அரிப்பின் வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் மட்டும். தேன் தேடிக் கடைக்கு ஓடி ஐந்து நிமிடத்தைக்கூட இழக்கக் கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்தக் காரணத்துக்காகவும் ஆகாது. தேனைத் தவிர உணவோ பானமோ எதுவும் வேண்டாம்.

எந்த வயதுக்கு?

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2021ல் வெளியிட்ட நெறிமுறையின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திரை எதுவும் வேண்டாம். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஐந்திலிருந்து பத்து வரை இரண்டு மணி நேரத்துக்குள். இந்தக் கணக்கில் டி.வி.யும் செல்போனும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாலையில் பாட்டியோடு சீரியல் பார்த்த நான்கு வயதுப் பிள்ளையின் அன்றைய ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. ஆகவே ஐந்து வயதுக்குக் கீழே கையடக்க கேம் வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். அந்த வயதில் பிள்ளைக்கு அதை விளையாடவும் தெரியாது. பட்டனை அமுக்கி, சத்தம் கேட்டு, பத்தாம் நிமிடம் மூடியைக் கழற்ற ஆரம்பிக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரும் கேம்களின் பெட்டி மூலையில் வயது எண் ஒன்று அச்சிட்டிருக்கும். ஐரோப்பாவில் 2003 முதல் 3, 7, 12, 16, 18 என்று ஐந்து படிகள். அமெரிக்காவில் 1994 முதல் எழுத்துகள். "இ" என்றால் எல்லோருக்கும், "டி" என்றால் 13 வயதுக்கு மேல், "எம்" என்றால் 17 வயதுக்கு மேல். சண்டை கேம்களில் இரத்தம் தெறிப்பதைப் பற்றி 1993ல் அமெரிக்க செனட்டில் விசாரணை நடந்ததன் விளைவாக அங்கே இம்முறை வந்தது. இந்த எண்ணைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். "3" என்று போட்டிருந்தால், அந்த வயதுப் பிள்ளையின் மனதைக் கெடுக்கும் காட்சி அதில் இல்லை என்பதுதான் பொருள். மூன்று வயதுப் பிள்ளை அதை விளையாடும் என்று பொருள் இல்லை. சதுரங்கத்துக்கும் அதே எண்தான் கிடைக்கும்.

இங்கே மலிவாகக் கிடைக்கும், நானூறு ஆட்டம் உள்ளே இருப்பதாகச் சொல்லும் பெட்டிகளில் எந்த வயது எண்ணையும் பெரும்பாலும் காண முடியாது. அவற்றில் பழைய ஆட்டங்களின் அனுமதியற்ற நகல்களே அதிகம். குதித்து ஓடும் கள்ளமில்லாத ஆட்டத்துக்குப் பக்கத்திலேயே துப்பாக்கியால் சுடும் ஆட்டமும் இருக்கும். உள்ளே கழற்றக்கூடிய ரீசார்ஜ் பேட்டரி இருக்கும். அது உப்பியிருந்தால் உடனே அப்புறப்படுத்துங்கள். சார்ஜ் ஏறும்போது பிள்ளை கையில் கேமைக் கொடுக்காதீர்கள். இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மின்னணு வீடியோ கேம்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் தனியாகப் பதிவு பெற வேண்டும். அந்தப் பதிவு எண் "ஆர்" என்ற எழுத்தில் தொடங்கும். இரண்டில் ஒன்றாவது இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

எந்த ஆட்டம்?

ஆறேழு வயதுப் பிள்ளைக்கு எழுத்துப் படித்து விளையாட வேண்டிய ஆட்டம் ஒத்துவராது. அதுவும் ஆங்கிலத்தில் இருந்தால் அப்பா அருகில் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டியதுதான். படிக்கத் தேவையில்லாத, கட்டம் அடுக்குவது, ஒன்றுபோல் இருப்பதைச் சேர்ப்பது, தடை தாண்டுவது போன்றவை போதும். கட்டம் அடுக்கும் "டெட்ரிஸ்" ஆட்டத்தை 1984ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்ற கணிப்பொறி வல்லுநர் எழுதினார். அதில் ஒரு எழுத்துகூட இல்லாததால்தான் ருஷ்யாவிலிருந்து நம் கூடலூர் வரைக்கும் அது வந்து சேர்ந்தது.

அடுத்து, ஆட்டம் முடிகிறதா என்று பாருங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்தால், "இந்தச் சுற்றோடு சாப்பிட வா" என்று தாயார் சொல்ல முடியும். முடிவே இல்லாமல் ஓடும் ஆட்டத்தை நடுவில் பிடுங்கினால் அழுகைதான். விட்ட இடத்தில் நிறுத்தி வைக்கும் வசதி இருந்தால் அந்த அழுகையில் பாதி குறையும். சத்தத்தைக் குறைக்கவும் முற்றிலும் அடக்கவும் பட்டன் வேண்டும். கடையிலேயே முழுச் சத்தத்தில் வைத்துத் தங்கள் காதருகே பிடித்துப் பாருங்கள். தங்களுக்குக் கூசினால் பிள்ளையின் காதுக்கும் ஆகாது.

"எதற்கு இத்தனை கஷ்டம், பழைய செல்போனைக் கொடுத்துவிட்டால் போதாதா?" என்பார்கள். இலவச ஆட்டங்களுக்கு நடுவே விளம்பரம் வரும், காசு கேட்கும், முன்பின் தெரியாதவர்கள் பேச வழி இருக்கும். இணையம் இல்லாத எளிய கையடக்க கேமில் இவை கிடையாது. அந்த ஒரு காரணத்துக்காகவே போனைவிட அது மேலானது என்று நினைக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் நின்டெண்டோ ஸ்விட்ச் போன்றவற்றில் இணையம் உண்டு. பெற்றோர் நேரத்துக்கும் காசுக்கும் கட்டுப்பாடு வைக்கும் வசதியும் உண்டு. காகிதம் சுற்றும் முன்பே அதைச் செய்துவிடுங்கள். பிள்ளை ஒருமுறை சுதந்திரமாக விளையாடிய பிறகு கட்டுப்பாடு வைப்பது பெரும் பாடு. ஸ்விட்ச் கேம் கார்டு நகத்தளவே இருப்பதால், பிள்ளைகள் வாயில் போட்டால் துப்பிவிடும்படி அதன் மேல் கசப்பு மருந்து பூசியிருக்கிறார்கள். ஒரு முறை நாக்கில் வைத்துப் பார்த்த பெரியவர்கள் மறக்க மாட்டார்கள்.

இப்போது கண்ணைப் பற்றி. கேம் விளையாடிக் குருடான பிள்ளை யாரும் இல்லை. நெடுநேரம் கிட்டத்தில் பார்ப்பதும், வெளியே வெயிலில் விளையாடாமல் இருப்பதும் கிட்டப்பார்வைக்கு ஏதுவாகின்றன. முழங்கையிலிருந்து விரல் வரையுள்ள தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள், இருட்டில் வேண்டாம், இருபது நிமிடத்துக்கொரு முறை தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மலைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. எப்போதும் மூக்கருகே வைத்தே விளையாடுகிற பிள்ளைக்கு ஏற்கெனவே பார்வைக் குறை இருக்கக்கூடும். தேனியில் 1985 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, ஒருமுறை காட்டிவிடுங்கள்.

வலிப்பு நோய் உள்ள பிள்ளைக்கு வாங்கும் முன் வைத்தியரைக் கேட்க வேண்டும். 1997 டிசம்பர் 16ல் ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மின்னிய காட்சியைப் பார்த்து 600க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மின்னும் ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் சிலரே. இருந்தாலும் நம் பிள்ளை அந்தச் சிலரில் ஒருவரா என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஆஸ்பத்திரி வார்டுக்குக் கொடுக்க விரும்புவோருக்கு

கையடக்க கேம் மருந்தாகவும் பயன்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் நியூஜெர்சி மருத்துவர்கள் 4 முதல் 12 வயது வரையுள்ள 112 பிள்ளைகளிடம், ஆபரேஷனுக்கு முன் ஏற்படும் பயத்தைப் பற்றி ஆராய்ந்து 2006ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பெற்றோர் மட்டும் உடன் இருந்தனர். ஒரு பிரிவினருக்குப் பெற்றோரோடு பயம் தணிக்கும் மருந்தும் தரப்பட்டது. இன்னொரு பிரிவினருக்குப் பெற்றோரோடு கையடக்க வீடியோ கேம். மயக்க மருந்து முகமூடி வைக்கும் நேரத்தில் பயம் கூடாமல் இருந்தவர்கள் கேம் பிரிவில் 100க்கு 63 பேர். மருந்து பெற்ற பிரிவில் 26, பெற்றோர் மட்டும் இருந்த பிரிவில் 28. கையில் ஆட்டம் இருக்கும் பிள்ளை தியேட்டர் கதவைக் கவனிப்பதில்லை. மயக்கம் கொடுத்த பிறகு அதைக் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் குழந்தைகள் வார்டுக்குக் கேம் வாங்கித் தர விரும்பினால் அது வீண் செலவல்ல. சில விஷயங்கள் மட்டும். டிரிப்ஸ் ஏற்றும் பிள்ளைக்கு ஒரு கைதான் கிடைக்கும், ஆகவே ஒரே கையால் விளையாடக்கூடியது ஒன்றிரண்டாவது இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டியிருப்பதால் துணியும் பஞ்சும் ஒட்டிய உறை வேண்டாம். பென்சில் பேட்டரியில் ஓடுவதும், மூடி ஸ்க்ரூவால் பூட்டியதுமாக வாங்குங்கள். பெட்டிக்குள் வரும் சிறிய ஸ்க்ரூ டிரைவரையும் உபரிப் பேட்டரிகளையும் கேமோடு சேர்த்துச் சுற்றிவிடாமல், தனி உறையில் போட்டு வார்டு சிஸ்டர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.